எஞ்சினில் ஏறிய ஏழரை லிட்டர்

பின்னணி

சொந்தமாகச் செய்த ஓர் ஆயில் மாற்றம் எங்கே தவறியது என்பதன் குறிப்பு இது. வண்டி, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் செடான். இ90 தலைமுறை. உள்ளே இருப்பது என்52 வகை, 3 லிட்டர், 6 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ கிடையாது. ஓடிய தூரம் ஏறக்குறைய 1,20,000 கிலோமீட்டர். கடைசியாக ஆயில் மாற்றி 14 மாதமும் 11,000 கிலோமீட்டரும் ஆகியிருந்தன. இந்த வண்டியில் ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் இல்லை. ஆயில் தேங்கும் கீழ்த்தொட்டியான சம்ப்பின் அடியில் உள்ள சென்சார் ஆயில் மட்டத்தை அளந்து, ஸ்டீயரிங்குக்கு முன்னால் உள்ள சிறு திரையில் காட்டும். இந்த நிகழ்வு முழுக்க அந்தத் திரையைச் சுற்றியே நடந்தது.

வேலை செய்தவர்கள் இருவர்: வண்டியின் உரிமையாளர், அவருடைய மனைவியின் தம்பி. இருவரும் சாதாரண கார்களுக்குப் பலமுறை ஆயில் மாற்றியவர்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத கைகள் அல்ல. டிப்ஸ்டிக் இல்லாத எஞ்சினில் மட்டும் இதுவே முதல் முறை.

ஆயில் மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு திரையில் "+1 லிட்டர்" என்று வந்தது. மட்டம் குறைந்தபட்சக் கோட்டை எட்டிவிட்டது என்று அர்த்தம். குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் இடையே உள்ள இடைவெளி 1 லிட்டர். எப்படியும் மாற்றும் நேரம் வந்துவிட்டது, இப்போது எதற்கு டாப்-அப் என்று உரிமையாளர் விட்டுவிட்டார். அந்த முடிவில் தவறில்லை. ஆனால் அந்தச் செய்தி திரையில் அப்படியே நின்றது. அதன் விளைவு பின்னால் வருகிறது.

வாங்கியவை

இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து மாற்றினால் 6.5 லிட்டர். பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-01 ஒப்புதல் பெற்ற 5டபிள்யூ-30 ஆயில், ஐந்து லிட்டர் கேன் ஒன்றும் ஒரு லிட்டர் கேன் இரண்டும் வாங்கப்பட்டன. கேனில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் போதும் என நினைப்பது பொதுவான தவறு. ஆயில் எவ்வளவு இளக்கம் என்பதைத்தான் அந்த எண் சொல்லும். அந்த எஞ்சினுக்குத் தேவையான சேர்மானங்கள் அதில் உள்ளனவா என்பது கேனின் பின்புறத்தில் அச்சான ஒப்புதலைப் பார்த்தால்தான் தெரியும். பிந்தைய மாடல்களுக்கென வந்த 0டபிள்யூ-20 ஆயில், அதே நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றதாகவே இருந்தாலும், இந்தப் பழைய எஞ்சினுக்கு ஆகாது. இதை இருவரும் சரியாகவே பார்த்து வாங்கினார்கள்.

ஃபில்டர், கார்ட்ரிட்ஜ் வகை. அதாவது வெளியே தெரியும் உலோக டப்பா கிடையாது. எஞ்சினின் முன்பக்கம், மேலே, ஒரு கூட்டுக்குள் காகித ஃபில்டர் மட்டும் உட்காரும், மேலே திருகு மூடி. ஃபில்டர் வாங்கிய பெட்டியிலேயே மூடிக்கான பெரிய ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), சிறிய ஓ-ரிங், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கு ஒரு வாஷர் ஆகியவை இருந்தன. மூடியைத் திறக்க 86 மில்லிமீட்டர், 16 பள்ளம் உள்ள தொப்பி சாக்கெட்டும் வாங்கினார்கள். எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்ச் வாங்கவில்லை. "கைக்கணக்கு போதும்" என்பது அன்றைய முடிவு.

முதல் நாள்

பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி, முன் சக்கரங்களை இரும்பு ரேம்ப்பில் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். ஹேண்ட்பிரேக் போட்டாயிற்று. முதலில் மேலே ஃபில்டர் மூடியைத் திறந்தார்கள். இது சரியான வரிசை. மூடியைக் கழற்றி ஃபில்டரைத் தூக்கியதும் கூட்டின் அடியில் உள்ள வழி திறந்து, அங்கே தங்கிய ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். கீழே போல்ட்டை முதலில் கழற்றினால் பிறகு மேலிருந்து இறங்குவது, போல்ட்டை மாட்டிய பின் உள்ளேயே தேங்கும்.

கீழே, வண்டியின் அடித்தட்டில் டிரெயின் போல்ட்டுக்கென்று ஒரு சிறு மூடி உண்டு. தட்டு முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. 17 மில்லிமீட்டர் சாக்கெட்டில் போல்ட் சுலபமாக விட்டது. இருபது நிமிடம் வடியவிட்டு, புதிய வாஷரோடு போல்ட்டை மாட்டினார்கள். வடிந்த ஆயில், பிடித்த தட்டிலேயே ஓரமாக வைக்கப்பட்டது. எவ்வளவு வடிந்தது என்று அன்று யாரும் அளக்கவில்லை.

ஃபில்டர் மூடியில் பழைய பெரிய ஓ-ரிங்கை நெம்பி எடுத்துப் புதியதை மாட்டினார்கள். அதில் ஆயில் தடவவில்லை. மூடியின் நடுவில் இறங்கும் தண்டின் நுனியில் ஒரு சின்ன ஓ-ரிங் உண்டு. மூடி உட்காரும்போது கூட்டின் அடியில் உள்ள வடிகால் துளையை அடைப்பது அந்தச் சின்ன வளையம்தான். பெட்டியில் இருந்த சின்ன ஓ-ரிங்கை "எக்ஸ்ட்ரா" என்று நினைத்து ஓரம் வைத்துவிட்டார்கள். மூடியை முறுக்கும்போது பாதிச் சுற்றில் சற்று இறுகிப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்ததும் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பிடிப்பை இருவரும் கவனித்தார்கள், நிறுத்தவில்லை.

பிறகு 6.5 லிட்டர் ஊற்றினார்கள். இதுவரை அளவு சரி.

"இன்னும் ஒரு லிட்டர் கேக்குது"

எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கீழே ஒழுகவில்லை என்று பார்த்து, வண்டியை ரேம்ப்பிலிருந்து இறக்கினார்கள். அடுத்து, ஸ்பீடோமீட்டருக்கு அருகில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்து, ஆயில் சர்வீஸ் கணக்கை ரீசெட் செய்தார்கள். அடுத்த சர்வீஸுக்கான தூரம் புதிதாகத் தெரிந்தது. அதன்பின் இண்டிகேட்டர் தண்டில் உள்ள பொத்தானால் ஆயில் மட்டத்தைக் கூப்பிட்டால், வந்தது: +1 லிட்டர்.

"மாமா, இன்னும் ஒரு லிட்டர் கேக்குது பாருங்க."

"ஆறரை ஊத்தியாச்சே மாப்ள?"

"புது ஃபில்டர் குடிச்சிருக்கும். கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல, ஊத்திருவோம்."

மீதமிருந்த அரை லிட்டரும், முன்பு டாப்-அப்புக்காக வாங்கி வைத்திருந்த பழைய கேனிலிருந்து அரை லிட்டரும் உள்ளே போயின. மொத்தம் 7.5 லிட்டர். தமிழில் ஏழரை என்ற எண்ணுக்கு உள்ள பெயர் இங்கே சரியாகவே பொருந்தியது.

அவர்கள் சிந்தித்த விதத்தை அப்படியே பார்ப்பது பயன் தரும். ரீசெட் செய்தாயிற்று, ஆகவே திரையில் தெரிவது புதிய அளவீடு, ஆகவே ஆயில் குறைவு. முதல் கண்ணியே தவறு. சர்வீஸ் கணக்கு வேறு, ஆயில் மட்டம் வேறு. ரீசெட் செய்தால் தூரமும் தேதியும்தான் மாறும். மட்ட அளவீட்டை அது தொடாது. மட்டத்தை அளக்க எஞ்சின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். நின்றபடி அளக்க ஏறக்குறைய 3 நிமிடம், ஓட்டத்தில் என்றால் 5 நிமிடம்வரை ஆகும். அந்த நிபந்தனைகள் நிறைவேறிப் புதிய அளவு கிடைக்கும்வரை பழைய செய்தி நிற்கலாம். வடித்து, ஃபில்டர் மாற்றி, குளிர்ந்த புது ஆயிலை ஊற்றி, இரண்டு நிமிடம் மட்டுமே ஓடிய எஞ்சினில் புதிய அளவு எடுக்கப்பட்டிருக்க வழியில்லை.

ஆக, திரை கேட்ட ஒரு லிட்டர் பழைய ஆயிலுக்கானது. அந்தப் பழைய ஆயிலோ அப்போது தட்டில், இரண்டடி தள்ளி இருந்தது.

தட்டில் இருந்ததை அப்போதே அளந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மறுநாள் அளந்தபோது 5.4 லிட்டர் இருந்தது. நிரப்ப வேண்டிய 6.5 லிட்டரில் ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைவு. திரை ஒரு வாரமாகச் சொல்லிவந்த அதே ஒரு லிட்டர்.

இரண்டாம் நாள்

காலையில் 30 கிலோமீட்டர் ஓட்டினார்கள். ஏறக்குறைய பாதி தூரத்தில் மட்டம் அதிகம் என்ற எச்சரிக்கை வந்தது. சிக்னலில் நின்றபோது மேலிருந்து மெல்லிய 'டிக் டிக்' சத்தம். வீட்டுக்கு வந்து போனட்டைத் திறந்ததும் சூட்டில் ஆயில் கருகும் வாடை. ஃபில்டர் கூட்டின் வெளிப்பக்கம் ஈரம். அதன் கீழே பெல்ட் ஓடும் பக்கம் ஒரு கோடு இறங்கியிருந்தது.

இங்கே உரிமையாளர் எடுத்த முடிவுதான் சேதத்தைக் குறைத்தது: அதற்குமேல் ஓட்டவில்லை, சாவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இரண்டு காரணங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன.

ஒன்று, கூடுதல் ஆயில். மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட்டின் எடைக்கட்டைகள் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை கலந்த ஆயில் பம்ப்பில் சீரான அழுத்தம் தராது. ஹைட்ராலிக் முறையில் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகங்களில் காற்று புகுந்து டிக் சத்தம் வரும். எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் ஆவி அதிகமாக, எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குப் போகும். எரிந்து புகையும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும். கால் லிட்டர் கூடினால் இதெல்லாம் நடக்காது. ஒரு லிட்டர் என்பது வேறு கதை.

இரண்டு, பெல்ட். இந்த எஞ்சினில் ஃபில்டர் கூட்டுப் பக்கம் கசியும் ஆயில் நேராக பெல்ட்டின் மேல் விழும். ஆயில் பட்ட ரப்பர் ஊறி, வழுக்கி, பிரியும். பிரிந்த நார் கிராங்க் புல்லியில் சுற்றிக்கொண்டு முன் ஆயில் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள்ளேயே இழுக்கப்பட்ட நிகழ்வுகள் இந்த எஞ்சினில் பலருக்குத் தெரிந்தவை. அப்படி ஆனால் சம்ப்பை இறக்கித்தான் நாரைப் பொறுக்க வேண்டும்.

கசிவு எங்கிருந்து

மைத்துனர் உடனே சொன்னது: "கூட்டோட கேஸ்கெட் போயிடுச்சு மாமா." கேட்க நியாயமாகவே இருந்தது. ஃபில்டர் கூடு எஞ்சினோடு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கெட் வயதானால் காய்ந்து கசிவது இந்த எஞ்சினில் அடிக்கடி நடப்பது. அதை மாற்ற இன்டேக் பக்கம் உள்ள சிலவற்றைக் கழற்ற வேண்டும், அரைநாள் வேலை.

ஆனால் நேற்றுவரை காய்ந்து இருந்த இடம். நேற்று தொட்டது மூடியை மட்டும். ஒரு பாகத்தைத் தொட்ட மறுநாள் அதன் பக்கத்தில் கசிந்தால், முதலில் தொட்ட பாகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். வயதான கேஸ்கெட் அதே நாளில் தற்செயலாகப் போவதற்கு வாய்ப்பு குறைவு.

எனவே கழற்றுவதற்கு முன் சோதனை. கூட்டையும் சுற்றுப்புறத்தையும் பிரேக் கிளீனர் தெளித்த துணியால் துடைத்துக் காயவைத்தார்கள். பெல்ட்டில் கிளீனர் படாதபடி அதைப் பழைய துணியால் மூடியிருந்தார்கள். எஞ்சினைப் போடுவதற்கு முன் அந்தத் துணியை எடுத்தாயிற்றா என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். மூடியின் விளிம்பிலும் கேஸ்கெட் இணைப்பிலும் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவி, எஞ்சினை மூன்று நிமிடம் மட்டும் ஓடவிட்டார்கள். கேஸ்கெட் ஓரத்தில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. மூடியின் விளிம்பில், வண்டியின் முன்பக்கம் பார்த்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சளாக நனைந்தது.

மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பெரிய ஓ-ரிங் அந்த ஒரு விரல் அகலத்தில் பள்ளத்தைவிட்டு மேலேறி, நசுங்கித் தட்டையாகி, நடுவில் நகக்கண் அளவு கீறலோடு இருந்தது. மற்ற பக்கமெல்லாம் பள்ளத்தில் சரியாகவே உட்கார்ந்திருந்தது. உலர்ந்த ரப்பர் வழுக்காது; மூடி திரும்பத் திரும்ப அது கூட்டின் சுவரில் ஒட்டி, முறுக்கிக்கொண்டு வெளியே வரும். நேற்று பாதிச் சுற்றில் பிடித்தது அதுதான்.

தண்டின் நுனியில் இருந்த சின்ன ஓ-ரிங்கையும் அப்போது பார்த்தார்கள். பழையது, விரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல் இருந்தது, வளையவில்லை. வெளிக்கசிவுக்கு அது காரணமல்ல. ஆனால் அது அடைக்காவிட்டால் கொஞ்சம் ஆயில் ஃபில்டரைத் தாண்டாமலே சம்ப்புக்குத் திரும்பும். எஞ்சினை நிறுத்தியபின் கூடும் காலியாகி, மறுநாள் காலை முதல் சில நொடி எஞ்சின் வறண்டு ஓடும். "எக்ஸ்ட்ரா" என்று வைத்த வளையம் நல்லவேளையாகப் பெட்டியிலேயே கிடந்தது. பெரிய ஓ-ரிங்குக்காக இன்னொரு ஃபில்டர் பெட்டி வாங்க வேண்டியிருந்தது.

திருத்தம்

ஒரு லிட்டரை எப்படி வெளியே எடுப்பது என்பதில் மூன்று வழிகள் பேசப்பட்டன. டிப்ஸ்டிக் குழாய் இருந்தால் மேலிருந்தே பம்ப்பால் உறிஞ்சிவிடலாம். இந்த வண்டியில் குழாய் இல்லை. டிரெயின் போல்ட்டைச் சற்றே தளர்த்திக் கொஞ்சம் மட்டும் விட்டு உடனே மூடலாம். செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சூடான ஆயில் முழங்கை வரை வரும், எவ்வளவு போனது என்பதும் ஊகம்தான். ஏற்கெனவே ஒரு ஊகத்தால் வந்த வினை இது. மூன்றாவது, முழுவதும் வடித்து அளந்து ஊற்றுவது. அதையே தேர்ந்தார்கள்.

ஆயில் 30 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது என்பதால் அதையே திரும்ப ஊற்ற முடிவானது. நிபந்தனை, வடிக்கும் பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். நேற்றைய தட்டில் பழைய கரி இருந்ததால் அதைத் தொடவில்லை. அளவுக்கோடு போட்ட, மூடியுள்ள, புதிய 10 லிட்டர் பிளாஸ்டிக் பாத்திரம் வாங்கப்பட்டது. எஞ்சின் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை காத்திருந்தார்கள். வடிந்தது 7.4 லிட்டர். மீதி சுமார் 100 மில்லி, கசிவிலும் துடைத்த துணியிலும் போனது.

இந்த முறை டார்க் ரெஞ்ச் வந்திருந்தது. ஃபில்டர் மூடிக்கு 25 நியூட்டன் மீட்டர். அது மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. டிரெயின் போல்ட்டுக்கும் 25. முதல் நாள் கைக்கணக்கில் முறுக்கிய போல்ட்டைக் கழற்றும்போதே அது தேவையைவிட அதிகமாக இறுகியிருந்தது தெரிந்தது. சம்ப் அலுமினியம், போல்ட் இரும்பு; பலம் காட்டினால் தோற்பது அலுமினிய மரைதான். மரை போனால் அது தனிச் செலவு. வாஷர் ஒருமுறை நசுங்கியது என்பதால் மீண்டும் புதியது.

இரண்டு ஓ-ரிங்குகளிலும் புது ஆயிலை விரலால் தடவி, பெரியதைப் பள்ளத்தில் வைத்தபின் சுற்றிலும் கட்டைவிரலால் நீவி, எங்கும் முறுக்கில்லை என்று வெளிச்சத்தில் பார்த்தார்கள். மூடி இம்முறை கடைசிக் கால் சுற்றுவரை விரல் பலத்திலேயே இறங்கியது.

ஊற்றியது 6 லிட்டர் மட்டும். அரை லிட்டரைக் கையில் வைத்துக்கொண்டார்கள். கூடியதை எடுப்பது கஷ்டம், குறைந்ததைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. 20 நிமிடம் ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு மட்டத்தைக் கேட்டார்கள். திரையில் முதலில் கடிகாரக் குறி. மூன்று நிமிடத்துக்குச் சற்றே குறைவாகக் காத்ததும், குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் ஏறக்குறைய நடுவில் கோடு நின்றது. மீதி அரை லிட்டரை ஊற்றி மறுபடி ஓட்டி அளந்தபோது கோடு அதிகபட்சத்தில் நின்றது. 6.5 லிட்டர் என்ற கணக்கும் சென்சாரும் ஒத்துப்போயின. சென்சார் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பின்

டிக் சத்தம் அன்றே நின்றது. பெல்ட்டின் வெளிமுதுகில் சில சொட்டுகள் மட்டும் பட்டிருந்தன, பள்ளங்கள் உள்ள பக்கம் காய்ந்தே இருந்தது. உரிமையாளர் துடைத்துவிட்டு ஓட்டலாம் என்றார். ஆனாலும் பெல்ட்டின் விலையையும் அது அறுந்து உள்ளே போனால் வரும் வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின், இரண்டு வாரத்தில் அதை மாற்றிவிட்டார். 2,500 கிலோமீட்டருக்குப் பின் பார்த்தபோது கூடு காய்ந்திருந்தது, மட்டம் சரியாக இருந்தது, எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

வடித்த 5.4 லிட்டர் பழைய ஆயிலும் ஃபில்டரும் மூடிய கேனில், கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஒப்படைக்கப்பட்டன. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது.

அடுத்த முறைக்கு மாற்றியவை

மாற்றத்துக்கு முன்பே மட்டம் குறைவு என்று திரை சொல்லியிருந்தால், அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது. வடிந்ததை அளப்பது. இந்த இரண்டும் கையில் இருந்தால், புது ஆயில் ஊற்றியபின் திரை என்ன சொன்னாலும் பதற வேண்டியதில்லை. குறிப்பேட்டில் உள்ள 6.5 லிட்டரும், திரையில் உள்ள எண்ணும் மோதினால், சூடான எஞ்சினில் சமதளத்தில் அளக்கும்வரை குறிப்பேட்டைத்தான் நம்ப வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் குறைவாக இருப்பதால் எதுவும் கெடாது.

மூடியை முறுக்கும்போது நடுவில் பிடித்தால் பலம் கொடுக்காமல் கழற்றிப் பார்ப்பது. இது எழுதப் படிக்கச் சின்ன விஷயம். குனிந்து நிற்கும் முதுகு வலியில், முடிக்கும் அவசரத்தில், இதுதான் முதலில் கைவிடப்படுவது. பெட்டியில் வந்த ஒவ்வொரு வளையமும் எங்கே போகிறது என்று பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே வேலையைத் தொடங்குவது. மீந்தால், பழையது ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறதா என்று தேடுவது.

அடுத்த மாற்றம் ஒன்பது மாதம் கழித்து வந்தது. முந்தைய நாள் திரையில் கோடு நடுவுக்குச் சற்று மேலே இருந்ததை உரிமையாளர் எழுதி வைத்திருந்தார். தட்டுக்குப் பதில் அளவுக்கோடு போட்ட பாத்திரத்தை வைத்து வடித்தார்கள். வடிந்தது 6.1 லிட்டர்.